ஊதாச் செடி ஏன் பச்சையாகுது?

பர்ப்பிள் ஹார்ட் பத்தி வந்த கேள்விகளை ஒண்ணாச் சேர்த்துட்டேன். இந்தச் செடியை மாடியிலயும் தரையிலயும் வருஷக்கணக்கா வளர்க்கிறேன். பட்டு அறிஞ்சதை வெச்சுத்தான் பதில்.

கேள்வி: அண்ணா, நர்சரியில வாங்கும்போது கத்தரிக்காய் நிறத்துல இருந்துச்சு. வீட்டு வராண்டாவுல வெச்சு ரெண்டு மாசத்துல வெளிறிப் பச்சையாயிடுச்சு. உரம் பத்தலையா?

பதில்: உரத்தைத் தொடாதீங்கம்மா, வெயில்தான் பத்தலை. அந்த ஊதா நிறம் ஆந்தோசயனின்கிற நிறமி. கடும் வெயில்ல இலை கருகாம இருக்கச் செடி தானே போட்டுக்கிற குடை மாதிரி. நிழல்ல குடை எதுக்கு? அதனால நிறமி குறைஞ்சு, அடியில இருக்கிற பச்சை தெரியுது. தினம் அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் படுற இடத்துக்கு மாத்துங்க. ஆனா ஒரே நாள்ல மொட்டை மாடிக்கு ஏத்திடாதீங்க, இலை சுட்டுடும். ஒரு வாரம் காலை வெயில் மட்டும் காட்டிப் பழக்குங்க. பழைய இலை அப்படியேதான் இருக்கும், புதுத் துளிர் ஊதாவா வரும்.

கேள்வி: தினமும் தவறாம தண்ணி ஊத்தறேன் சார், ஆனாலும் அடித்தண்டு கொழகொழன்னு அழுகுது.

பதில்: "ஆனாலும்" இல்ல சார், அதனாலதான் அழுகுது. இது மெக்சிகோவோட கிழக்குக் கடலோரப் பக்கத்துச் செடி. சதைப்பிடிப்பான தண்டுலயே தண்ணியைச் சேர்த்து வெச்சுக்கும். மண்ணுல ரெண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்க, ஈரம் ஒட்டினா அன்னைக்குத் தண்ணி வேண்டாம். செம்மண், மணல், மட்கின தொழுஉரம் மூணும் சம பங்கு போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில தொட்டிக்கு அடியில இருக்கிற தட்டை எடுத்துடுங்க. அழுகின செடியைக் காப்பாத்த மெனக்கெட வேண்டாம். நல்லா இருக்கிற நுனியைக் கிள்ளிப் புதுசா நடுங்க.

கேள்வி: நுனியை எப்படி நடறது?

பதில்: நாலு விரக்கடை நீளத்துக்கு, கணுவுக்குக் கொஞ்சம் கீழே ஒடிங்க. டக்குன்னு ஒடியும், வழவழன்னு சாறு கசியும். அடி இலையை உரிச்சா கணு தெரியும். அந்தக் கணு மண்ணுக்குள்ள போகணும், அவ்வளவுதான். கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல கணுவுல வெள்ளை வேர் விடும். தரையை மூட நினைச்சா ஒரு அடி இடைவெளி விட்டு நடுங்க. படுத்த தண்டு கணுவுக்குக் கணு வேர் பிடிச்சுத் தானே படரும்.

அந்தச் சாறு சிலருக்கு அரிக்கும். ஒரு நாள் மதியம் முழுக்கக் கையுறை இல்லாமக் கத்தரிச்சு, ராத்திரி வரைக்கும் முழங்கையைச் சொறிஞ்சுக்கிட்டு இருந்தேன். நாய், பூனை வளர்க்கிறவங்களும் கவனிங்க, அதுங்க தோலுக்கும் ஒத்துக்காது.

கேள்வி: கேரளாவுல இருந்து முறிகூட்டின்னு ஒரு ஊதாச் செடி கொண்டு வந்தேன். ரெண்டும் ஒண்ணா?

பதில்: இல்லவே இல்லை. முறிகூட்டி இலை ஓரம் பல் பல்லா இருக்கும். மேல்பக்கம் சாம்பல் பூத்த மினுமினுப்பு, அடிப்பக்கம் ஊதா, பூ சின்னதா வெள்ளையா வரும். அது நம்ம கனகாம்பரக் குடும்பம். பர்ப்பிள் ஹார்ட் இலை நீளமா, பல் இல்லாம, தண்டைச் சுத்திப் பிடிச்சிருக்கும். மூணு இதழ் இளஞ்சிவப்புப் பூ காலையில விரிஞ்சு மதியத்துக்கு மேல மூடிக்கும். இது வயல் வரப்புல முளைக்கிற கானாவாழைக்கு உறவு. ரெண்டு பூவையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா ஜாடை தெரியும். முறிகூட்டிக்கு அரை நிழலும் விடாத ஈரமும் வேணும், அதனால ஒரே தொட்டியில வைக்காதீங்க.

கேள்வி: இலை இடுக்குல வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கு.

பதில்: மாவுப்பூச்சி. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவுங்க. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலமா அடிங்க. வாரம் ஒரு தடவை, மூணு வாரம்.

கேள்வி: அடியில மொட்டையா, நுனியில மட்டும் இலையா நீண்டு தொங்குது அக்கா வீட்டுச் செடி. கத்தரிச்சா செத்துடுமா?

பதில்: கத்தரிக்காம விட்டாத்தான் அசிங்கமாகும். மண்ணுல இருந்து நாலு அங்குலம் விட்டு மொத்தமா வெட்டச் சொல்லுங்க, பக்கத்துக்கு ரெண்டு கிளையா அடர்ந்து வரும்.

கேள்வி: எங்க ஊர் நர்சரியில கிடைக்கலை. எங்க வாங்கலாம்?

பதில்: காசு கொடுத்து வாங்காதீங்க தம்பி. தெருவுல யார் வீட்டுச் சுவர்ல தொங்குதோ அவங்ககிட்ட ரெண்டு நுனி கேளுங்க. பாதிப் பேர் ஒரு பை நிறையத் தந்து அனுப்புவாங்க.