சாமுராய் சாம்ப்ளூ: 17-ஓட முடியல

'சாமுராய் சாம்ப்ளூ'ங்கிற ஜப்பானிய அனிமே தொடரைப் பத்தி, "17 எபிசோடோட கதை அந்தரத்துல நிக்குது, ஃபூங்கிற பொண்ணு தேடுற சூரியகாந்தி வாசனை சாமுராய் கிடைச்சாரா இல்லையா"ன்னு கேட்டிருந்தீங்க. உங்ககிட்ட இருக்கிறது முழுசா இல்ல. மொத்தம் 26. 2004 மே மாசம் ஃபுஜி டிவியில ஆரம்பிச்சு 17-ஓட நின்னுச்சு. மிச்சம் 9-உம் 2005 ஜனவரியிலிருந்து மார்ச் வரைக்கும் பிஎஸ் ஃபுஜிங்கிற சாட்டிலைட் சேனல்ல வந்துச்சு. அந்த இடைவெளியில தொகுத்த காப்பியா இருக்கலாம்.

18-லிருந்து தொடருங்க. 24, 25, 26 மூணும் ஒரே கதை, தனித்தனியா பிரிச்சுப் பார்த்துடாதீங்க. திரும்ப முதல்ல இருந்து பார்க்கிறதா இருந்தா 12-ஐத் தாண்டிடலாம்; ஃபூவோட டைரியை வச்சுப் பழைய காட்சிகளையே ஓட்டியிருப்பாங்க.

ஃபூகூடப் போற வாள்வீரன் முகென் கடலுக்குள்ள மூழ்கும்போது வர்ற பாட்டு (எபிசோட் 14) தொடரோட இசையமைப்பாளர்கள்ல ஒருத்தரான நுஜாபெஸோடது இல்ல. அசாசாகி இகுவே பாடின, ஜப்பானோட அமாமி தீவு நாட்டுப்பாட்டு அது. பேரு 'ஒபொகுரி ஏஉமி'. பாடகி பேரைப் போட்டுத் தேடுங்க. ஹிப்ஹாப் இசையில ஓடுற தொடர்ல பீட்டை நிறுத்திட்டு இதை வச்சது பெரிய துணிச்சல்!

நுஜாபெஸ்தான் வேணும்னா இந்தத் தொடருக்கு வந்த நாலு ஆல்பத்துல 'டிபார்ச்சர்', 'இம்ப்ரெஷன்' ரெண்டு போதும். டைட்டில் பாட்டு 'டிபார்ச்சர்'ல முதல்லயே இருக்கு.