கணினி மேசை: கார்டா, கேர்னலா?

கேள்வி: பழைய லெப்டொப் ஒன்றில் லினக்ஸ் மின்ட் பாவிக்கிறேன். போன வாரம் அப்டேட் கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட் பண்ணியதிலிருந்து வைஃபையைக் காணவில்லை. டவுனில் ஒரு கடையில் காட்டியதற்கு, புரோட்கொம் கம்பெனியின் வைஃபை கார்ட் செத்துவிட்டது, புதிது போட வேண்டும் என்கிறார்கள். போடட்டா?
ஓர் ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

பதில்: பொறுங்கள் டீச்சர், காசைக் கொடுத்துவிடாதீர்கள். கல்லடிக் கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றைச் சந்தேகிக்கலாம், நீங்களோ கடலுக்குத் தள்ளியிருக்கும் படுவான்கரை. அதுவும் அப்டேட் போட்ட அன்றைக்கே கார்ட் சாகுமா?

கேர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி, வன்பொருளோடு பேசுவது அதுதான். அப்டேட்டில் புது கேர்னல் வந்தாலும் மின்ட் பழையதை உடனே அழிப்பதில்லை. லெப்டொப்பை ஓன் பண்ணியதும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். மிகப் பழைய மெஷின் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். வருகிற மெனுவில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’ போய், முந்தைய எண் உள்ள கேர்னலைத் தெரிவுசெய்யுங்கள். அதில் வைஃபை வந்தால் கார்ட் நல்ல சுகத்தோடு இருக்கிறது. அந்தக் கடைக்காரர் இதைச் செய்து பார்த்த பிறகு பேசியிருக்கலாம்.

புரோட்கொம்மின் சில கார்டுகளுக்கான டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள், கேர்னலுக்குள் இருப்பதில்லை. ஒவ்வொரு புதுக் கேர்னலுக்கும் டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் திரும்பக் கட்டுகிறது. கேர்னலின் உள்ளமைப்பு மாறி, டிரைவர் அதற்கேற்ப மாறாமல் இருந்தால் கட்டும் வேலை இடையில் நின்றுபோகும். டிரைவரைக் கட்டத் தேவையான, கேர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் இல்லாவிட்டாலும் இதே கதைதான்.

புதுக் கேர்னலுக்குத் திரும்பி, போனை வயரால் கொழுவி, போனின் இணையத்தை லெப்டொப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங் போடுங்கள், இணையம் வந்துவிடும். பிறகு டிரைவர் மேனேஜரில் புரோட்கொம் டிரைவரை நீக்கி மறுபடி போடுங்கள். நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் ஏற்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் ஒரு கடவுச்சொல் கேட்கும், ரீஸ்டார்ட்டில் நீலத் திரை ஒன்றும் வரும். பலர் பயந்து ‘கன்டினியூ’ அழுத்திவிடுகிறார்கள், டிரைவர் ஏறாமலே போகிறது. டிரைவரின் கையொப்பச் சாவியைப் பதியும் ‘என்ரோல் மொக்’ என்பதைத் தெரிவுசெய்து, அந்தக் கடவுச்சொல்லையே கொடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் டிரைவருக்குத் திருத்தம் வரும்வரை பழைய கேர்னலிலேயே இருங்கள். பழையதிலும் வைஃபை வராவிட்டால்தான் கார்டைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

கேள்வி: அப்டேட்டையே நிறுத்திவிட்டால் தொல்லை இல்லைதானே அண்ணா?
ஒரு மாணவன், கல்முனை

பதில்: வேண்டாம் தம்பி. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அதே வழியால்தான் வருகின்றன. மின்ட் என்றால் அப்டேட் மேனேஜரில், தொல்லை தருகிற அந்தக் கேர்னலை மட்டும் வலது கிளிக் செய்து ‘இக்னோர்’ கொடுக்கலாம். நாளைக்கு அசைன்மென்ட் அனுப்ப வேண்டிய இரவில் மட்டும் கேர்னலில் கை வைக்காதீர்கள்.