140 கட்டைவிரல், நாலு துடைப்பம்

கேள்வி: ஆறு மாதத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்தார் சேர்ந்து எங்கள் பூங்காவைப் பார்த்துக்கொள்ள ஒரு குழு ஆரம்பித்தோம். முதல் ஞாயிறு அறுபது பேர் வந்தார்கள். இப்போது நாலே பேர். வாட்ஸ்அப் குழுவில் மட்டும் 140 பேர் அப்படியே இருக்கிறார்கள், எது போட்டாலும் கட்டைவிரல் காட்டுகிறார்கள். எங்கே தப்பு பண்ணினோம்?

பதில்: அறுபது பேர் வந்தார்களே, அங்கேதான். அத்தனை பேர் ஒரே நேரத்தில் குப்பை பொறுக்கினால் முக்கால் மணி நேரத்தில் பொறுக்க ஒன்றும் இருக்காது, மீதி நேரம் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்பார்கள், அடுத்த வாரம் ‘நாம் ஒருத்தர் போகாவிட்டால் என்ன, மற்றவர்கள் இருக்கிறார்களே’ என்று போர்வையை இழுத்துக்கொள்வார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நானே இழுத்துக்கொண்டவன்தான்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் 843 ஏக்கர். 1970-களில் அதன் பெரிய புல்வெளிகள் எல்லாம் புழுதிக்காடாகக் கிடந்தன. 1980-ல் சென்ட்ரல் பார்க் கன்சர்வன்சி என்ற அமைப்பு வந்து மெல்ல மெல்ல அதைத் தூக்கி நிறுத்தியது. அவர்கள் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது எது என்றால், பூங்காவை 49 பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு தோட்டக்காரர் பொறுப்பில் விட்டதுதான். இந்தப் புதர் ஏன் வாடியது என்று கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார், வந்து உதவும் தன்னார்வலர்களுக்கும் யாரைக் கேட்பது என்று தெரிகிறது. அவர்களிடம் பணமும் சம்பளத்துக்கு ஆட்களும் இருக்கிறார்கள், உங்களிடம் இல்லை, சரி. ஆனால் பிரித்துக் கொடுக்கப் பணம் வேண்டாமே. வடக்குப் பக்கத்து மூன்று பெஞ்சும் சுற்றியுள்ள செடிகளும் ஒருவருக்கு, சறுக்குமரம் ஊஞ்சல் பக்கம் இன்னொருவருக்கு, குழாயடி வேறொருவருக்கு.

குழாயடி என்றதும் ஞாபகம் வருகிறது. நான் நடக்கப் போகும் பூங்காவில் ஓர் அம்மா தினமும் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும் வழியில் குழாயை ஒரு தடவை இறுக்கி மூடிவிட்டுப் போவார். அடியில் கிடக்கும் பிளாஸ்டிக் டம்ளரைக் காலால் தட்டிக் கவிழ்ப்பார். ஒரு நாள் எவ்வளவு இறுக்கியும் சொட்டியது, மறுநாள் கைப்பையில் ஒரு வாஷரும் ஸ்பானரும் கொண்டுவந்தார். ஐந்து நிமிட வேலை. டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும், அதனால் வாரம் ஒருமுறை தேங்கிய நீரைக் கொட்டினாலே பெரும்பகுதி அடங்கிவிடும், இவர் தினமும் கொட்டுகிறார். எந்தக் கூட்டத்துக்கும் இவர் வந்து நான் பார்த்ததில்லை, வாட்ஸ்அப் குழுவிலும் கிடையாது. உங்கள் 140 பேரில் இப்படி இரண்டு மூன்று பேர் நிச்சயம் இருப்பார்கள், ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர்களைத்தான் விரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். நேரத்தை அவர்களிடம் விடுங்கள், இடத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள்.

கேள்வி: வரியும் கட்டிவிட்டு நாமே துடைப்பம் எடுக்க வேண்டுமா? நாங்கள் பெருக்க ஆரம்பித்த பிறகு, வந்துகொண்டிருந்த பணியாளரும் வருவதில்லை.

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. பெருக்குவதை நிறுத்துங்கள் என்றே சொல்வேன். நகராட்சி செய்ய வேண்டிய வேலையை நாம் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டால், அடுத்த வருடக் கணக்கில் அந்த வேலைக்கு ஆளே தேவையில்லை என்றுதான் எழுதுவார்கள். பெருக்குவது, குப்பை அள்ளுவது, மின்கம்பம், பெரிய கிளைகளை வெட்டுவது எல்லாம் அவர்களுடையது. கடைசி இரண்டும் நமக்குத் தெரியாத வேலை, ஆபத்தும் கூட. ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி தேய்ந்திருந்தால் கட்டுக்கம்பி சுற்றிவிட்டு ‘சரி பண்ணிட்டோம்’ என்று போட்டோ போடுகிறார்களே, பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். ஊஞ்சலைக் குழந்தைகள் ஏற முடியாதபடி சுருட்டிக் கட்டுங்கள், புகார் கொடுங்கள். ‘லைட் எரியவில்லை’ என்று பொதுவாக எழுதாமல் எந்தக் கம்பம், என்றிலிருந்து, எத்தனையாவது புகார் என்று எழுதுங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு எல்லாவற்றையும் தேதியோடு குறித்து வையுங்கள். அதிகாரி மாறுவார், நோட்டு மாறாது.

கேள்வி: போன வருடம் நூறு கன்று நட்டோம். பிழைத்தவை பதினொன்று. மண் சரியில்லையா?

பதில்: மண்ணைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், தண்ணீர் ஊற்றியது யார்? நட்ட கன்றுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் ஆள் வேண்டும். தினமும் ஒரு செம்பு தெளித்தால் வேர் மேலேயே படுத்துக்கொள்ளும், சில நாளுக்கொரு முறை மெதுவாக, ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். சருகைப் போட்டு மூடுவது நல்லதுதான், நாலு விரல் உயரம் போதும், தண்டை ஒட்டிக் குவித்தால் பட்டை அழுகிவிடும்.

பிழைத்த பதினொன்றையும் இன்றே போய்ப் பாருங்கள். குச்சியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிய நைலான் கயிறு இன்னும் இருக்கும். தண்டு பருத்து, கயிறு பட்டைக்குள் புதைந்து, அதற்கு மேலே வீங்கியிருந்தால் மரம் கழுத்து நெரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அறுத்துவிடுங்கள். இந்த வருடம் எத்தனை பேர் தண்ணீர் ஊற்றுவார்களோ அத்தனை கன்று மட்டும் நடுங்கள். நூறு என்ற எண் பேனருக்குத்தான் அழகு.

கேள்வி: பந்து விளையாடும் பையன்களுக்கும் நடக்க வரும் பெரியவர்களுக்கும் தினம் சண்டை. பையன்களை உள்ளேயே விடாமல் செய்துவிடலாமா என்று குழுவில் பேச்சு.

பதில்: செய்யாதீர்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ரிட்டன்ஹவுஸ் சதுக்கம் என்ற பூங்கா ஏன் கலகலப்பாக இருக்கிறது என்று, நகர வாழ்க்கையை ஆராய்ந்த எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-ல் எழுதினார். அவர் கண்டது, விதவிதமான ஆட்கள் விதவிதமான நேரத்தில் அங்கே வந்து போகிறார்கள், அதனால் எந்நேரமும் யாராவது இருக்கிறார்கள் என்பது. பையன்களைத் துரத்தினால் மாலை நாலு மணிக்கு உங்கள் பூங்கா காலியாகும், அந்தக் காலி இடத்துக்கு வருகிறவர்கள் பந்தோடு வர மாட்டார்கள்.

விதியை அவர்களையும் உட்கார வைத்துப் போடுங்கள். பாசனம், காடு, மீன்பிடி என்று உலகம் முழுக்கப் பொதுச்சொத்துகளை ஆராய்ந்து, 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்ணான எலினார் ஆஸ்ட்ரம் கண்டதும் இதுதான்: நீண்ட நாள் தாக்குப்பிடித்த இடங்களில், பயன்படுத்துகிறவர்களுக்கே விதியை மாற்றும் உரிமை இருந்தது, மீறினால் தண்டனையும் சின்னதாகத் தொடங்கியது. எடுத்த எடுப்பில் போலீஸ் என்று மிரட்டாதீர்கள். பந்து நடைபாதைக்கு வந்தால் பத்து நிமிடம் பந்து பெரியவர் கையில், அவ்வளவுதான். எந்தப் பெரியவர் என்பதைப் பையன்களே சொல்லட்டும், அவர்களுக்குப் பிடித்த தாத்தா ஒருவர் எப்படியும் இருப்பார்.

கேள்வி: ‘புல்லில் நடக்காதீர்’ என்று மூன்று பலகை வைத்தும் குறுக்கே நடந்து நடந்து புல் தேய்ந்துவிட்டது. நாலாவது வைக்கலாமா?

பதில்: மூன்றையும் பிடுங்கிவிட்டு, தேய்ந்த இடத்தில் கல் பதிக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதுங்கள். பாதை எங்கே வேண்டும் என்று ஜனங்கள் காலால் வரைந்தே கொடுத்துவிட்டார்கள்.