வேகன்ஆரா, ஸ்விஃப்டா: பெரியவர்கள் பின்சீட்டில் உட்கார எது வசதி?

வீட்டில் அறுபது தாண்டியவர்கள் பின்னால் உட்காருவார்கள் என்றால் என் ஓட்டு வேகன்ஆருக்குத்தான்.

வீல்பேஸில் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) பெரிய வித்தியாசமில்லை: வேகன்ஆர் 2435 மி.மீ., ஸ்விஃப்ட் 2450. உயரம்தான் விஷயம். 1675-க்கு எதிராக 1520. உயரம் இருப்பதால் சீட்டையும் உயர்த்தி வைக்க முடிகிறது. நாற்காலியில் உட்காருவதுபோல் கால் கீழே இறங்கும், அதனால் முழங்காலுக்கு இடம் கிடைக்கும். மூட்டுவலிக்காரர்கள் குனியாமல் ஏறலாம். ஸ்விஃப்டில் இடுப்பைக் கீழே இறக்கித்தான் உட்கார வேண்டும். எழும்போதுதான் சிரமம் தெரியும்.

ஆனால் அகலம் வேகன்ஆரில் 1620 மட்டுமே, ஸ்விஃப்டில் 1735. பின்னால் மூன்று பேர் என்றால் தோள் இடிக்கும். (இரண்டிலுமே நடுவில் சின்னப் பிள்ளைதான் சரி.) டிக்கி வேகன்ஆரில் 341 லிட்டர், ஸ்விஃப்டில் 265. ஆனால் சிஎன்ஜி எடுத்தால் அந்தக் கணக்கு போச்சு, சிலிண்டரே இடத்தை அடைத்துக்கொள்ளும்.

ஷோரூமில் முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளி வைத்திருந்தால் ஏமாறாதீர்கள். ஓட்டுபவர் தன் வசதிக்கு நகர்த்தியபின் அதே சீட்டுக்குப் பின்னால் உட்காருங்கள். முழங்காலுக்கு முன் ஒரு முஷ்டி நுழைய வேண்டும். தொடை மெத்தையில் படியாமல் தூக்கி நின்றால் ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். முன்சீட்டுக்கு அடியில் பாதம் நுழைகிறதா என்பதையும் பாருங்கள், சீட்டை முழுக்கத் தாழ்த்தி வைத்து.