கேள்வி – பதில்: சந்தையில் பழைய லீவர் ரைஃபிள்

கேள்வி (கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர்): ஐயா, வணக்கம். என் மகன் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் எச்-1பி விசாவில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். அங்கு நடக்கவிருக்கும் துப்பாக்கிக் கண்காட்சிக்கு உடன் வேலை செய்பவர் ஒருவர் அவனை அழைத்திருக்கிறார். பழைய வின்செஸ்டர் அல்லது மார்லின் லீவர் ரைஃபிள் ஒன்றை, அதாவது விசைக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்துத் தோட்டாவை ஏற்றும் வகையை, வாங்கி மான் வேட்டைக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. “உன் பெயரில் சிக்கல் வந்தால் என் பெயரில் வாங்கித் தருகிறேன்” என்கிறாராம் அந்த நண்பர். பழைய துப்பாக்கியில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? ஊர் திரும்பும்போது அதைக் கொண்டுவந்தால் எங்கள் தென்னந்தோப்பில் பன்றித் தொல்லைக்கு உதவுமா?

பதில்: நண்பரின் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். தங்கள் மகனுக்கு உண்மையான ஆபத்து அதில்தான் இருக்கிறது. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) பெற்றவருக்கு இந்தத் தடை கிடையாது. விசாவில் இருப்பவருக்கு உள்ள விலக்குகளில் முக்கியமானது, அங்குள்ள மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். ஆகவே தங்கள் மகன் முதலில் வாங்க வேண்டியது அந்த உரிமத்தைத்தான். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட வேட்டைக் கல்விப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சியில் கற்பிக்கப்படும் பாதுகாப்புப் பாடங்கள், துப்பாக்கியைத் தொட்டே பழகாத நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் தேவையானவை.

உரிமம் பெற்ற வணிகரிடம் வாங்கும்போது, அது கடையானாலும் கண்காட்சி மேசையானாலும், 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். 1998 நவம்பரில் தொடங்கிய தேசியப் பின்னணிச் சரிபார்ப்பும் நடக்கும். உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று அந்தப் படிவம் கேட்கிறது. பிறருக்காக வாங்கும் ஒருவர் அதற்கு “ஆம்” என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும். நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனாலும் அவருடைய சிறைக்கும் தங்கள் மகனுடைய விசா இழப்புக்கும் அதுவே வழியாகிவிடும். டெக்சஸில் தனியாள் ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை விற்கும்போது இந்தச் சரிபார்ப்பு கட்டாயமில்லை என்பதால், அந்த மேசைப் பக்கம் போனால் போதும் என்று சிலர் சொல்லக்கூடும். சரிபார்ப்பு இல்லை என்பதால் வைத்திருப்பதற்கான தடை நீங்கிவிடாது. உரிமம் பெற்ற வணிகரிடம் மட்டும் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

இனித் துப்பாக்கியைப் பார்ப்போம். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், நாலடி நடக்கவிட்டுப் பார்க்காமல் நம் பெரியவர்கள் கயிற்றைக் கையில் வாங்குவதில்லை. இங்கும் அதே நிதானம் வேண்டும். கோவையில் துப்பாக்கிப் பழுது பார்க்கும் தொழிலில் இருந்த நான், மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது இத்தகைய கண்காட்சிகள் இரண்டைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். “இது என் தாத்தா மான் சுட்டது” என்பது போன்ற கதைகள் மேசைக்கு மேசை கிடைக்கும். அவற்றுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

கண்காட்சியில் துப்பாக்கிகளைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைத்திருப்பார்கள். விற்பவரிடம் கேட்டு அதை நீக்கச் செய்து, லீவரை முழுவதும் திறந்து, தோட்டா வெடிக்கும் அறையிலும், தோட்டாக்களை அடுக்கிவைக்கும், குழலின் கீழுள்ள நீள்குழாயிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்த பிறகே மற்றவற்றைத் தொடங்க வேண்டும். அடுத்து நான் பார்ப்பது திருகாணிகளை. அவற்றின் பள்ளம் சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியை வைத்து, வேலை தெரியாத கை ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது என்று பொருள். உள்ளே என்ன செய்தார்கள் என்பதை விற்பவரும் அறிந்திருக்கமாட்டார்.

குழலின் வாயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் லீவர் ரைஃபிள்களுக்கே உரிய குறை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வின்செஸ்டர் 94 வகையின் பின்பக்கம் மூடியிருப்பதால் எளிதில் பின்னாலிருந்து துடைக்க முடியாது. தலைமுறை தலைமுறையாகத் துடைப்புக் கம்பியை முன்வாய் வழியாகவே செலுத்தியிருப்பார்கள். கம்பி உரசி உரசி வாயின் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டால், தோட்டாவைச் சுழலவைக்கும் உள்வரிகள் கூர்மையாக இருந்தாலும் குறி சிதறும். மார்லின் 336 வகையில் லீவரின் ஒரு திருகாணியைக் கழற்றினால் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் தாழ்க்கட்டை வெளியே வந்துவிடும். பின்னாலிருந்து துடைக்கலாம், குழலின் உட்புறத்தை முழுவதும் பார்க்கலாம். வின்செஸ்டருக்கு, திறந்த அறைக்குள் வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து, அதன்மேல் டார்ச் ஒளி பாய்ச்சி, முன்வாய் வழியாகப் பார்க்க வேண்டும். வெளியே புதிதாக நீலப் பூச்சு ஏற்றப்பட்ட ஒரு ரைஃபிளை அப்படிப் பார்க்காமல் வாங்கிய உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்து துடைத்தபோது, குழல் நெடுகத் துருக்குழிகள் இருந்ததைக் கண்டார். பொறித்த எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்ததே அந்தப் பூச்சைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டிய அடையாளம்.

பிறகு குதிரையை, அதாவது பின்னால் கட்டைவிரலால் இழுக்கும் சுத்தியை, பாதி நிலையில் நிறுத்தி விசையை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அது விழவே கூடாது. முழு நிலையில் நிறுத்திக் கட்டைவிரலால் பின்னாலிருந்து மெல்லத் தள்ளினாலும் விழக்கூடாது. விழுந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். கட்டை உலோகத்தோடு சேரும் கழுத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 வகையில், 1964க்கு முன் செய்தவற்றை நாடுவோர் அதிகம். அந்த ஆண்டில் உற்பத்திச் செலவைக் குறைக்கச் சில உறுப்புகளைத் தகட்டில் அச்சடித்துச் செய்யத் தொடங்கினார்கள். மார்லினில், குழலில் ‘ஜேஎம்’ என்ற முத்திரை இருந்தால் அது பழைய ஆலையின் குழல். கண்ணாடி போடுகிறவராகத் தங்கள் மகன் இருந்தால் மார்லினையே சொல்வேன். வெற்றுத் தோட்டா பக்கவாட்டில் வெளியேறுவதால் மேலே தொலைநோக்கி பொருத்துவது எளிது. பழைய வின்செஸ்டர் அதை மேலே எறியும்.

ஊருக்குக் கொண்டுவருவதை மறந்துவிடுங்கள். இங்கே குடிபெயர்ந்து வருபவர், வெளிநாட்டில் குறைந்தது ஓராண்டு தன்னிடம் வைத்துப் பயன்படுத்திய, அனுமதிக்கப்பட்ட வகைத் துப்பாக்கி ஒன்றை, இந்திய உரிமம் இருந்தால், தீர்வை கட்டிக் கொண்டுவரச் சுங்க விதியில் இடமுண்டு. வாழ்நாள் முழுவதும் அதை விற்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது. அத்தனையும் செய்து கொண்டுவந்தாலும், இந்த ரைஃபிள்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் .30-30 என்ற அளவுத் தோட்டாவை நம் அரசு ஆலைகள் தயாரிப்பதில்லை. பன்றிக்குத் தங்கள் பஞ்சாயத்தே வழி. 2022 மே மாதம் முதல் கேரளத்தில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைக் கொல்ல உத்தரவிடும் அதிகாரம் உள்ளாட்சித் தலைவருக்குத் தரப்பட்டிருக்கிறது. உரிமத் துப்பாக்கி உள்ள பட்டியலிடப்பட்டவர்கள் வந்து சுடுவார்கள். தலைவரிடம் எழுத்தில் மனுக் கொடுங்கள்.

கேள்வி (முதலமடையிலிருந்து ஒரு வாசகர்): லீவர் ரைஃபிளில் கூர்முனைத் தோட்டா போடக்கூடாது என்கிறார்களே, ஏன்?

பதில்: நீள்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கிடக்கின்றன. பின்னாலிருப்பதன் முனை, முன்னாலிருப்பதன் அடியிலுள்ள பற்றவைப்பு மூடியின் மேலேயே அழுந்தி நிற்கும். சுடும் அதிர்ச்சியில் கூர்முனை அந்த மூடியைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். அதனால் தட்டைமுனைத் தோட்டா, அல்லது இந்தத் துப்பாக்கிக்கென்றே மென்முனையோடு செய்தது மட்டுமே பயன்படுத்த வேண்டும். சாவேஜ் 99 போல, தோட்டாக்களைச் சுழல் உருளையில் வைக்கும் வகைக்கு இந்தக் கவலை இல்லை.

கேள்வி (ஆனைமலையிலிருந்து ஒரு வாசகர்): நம் நாட்டிலேயே பழைய ரைஃபிளை இப்படிச் சந்தையில் வாங்க முடியுமா?

பதில்: முடியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் கையில் வந்த பிறகே துப்பாக்கியைத் தேட வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமம் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் பழையவை விற்பனைக்கு வரும். எஸ்டேட்டுகளில் இருந்த லீவர் ரைஃபிள் அபூர்வமாகத் தென்படும், .315 ரைஃபிளும் 12 போர் துப்பாக்கியுமே அதிகம். உரிமதாரர் ஒருவரிடமிருந்து நேரடியாக வாங்குவதானால், விற்கும் எண்ணத்தை அவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாட்கள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். அந்தக் கடிதத்தின் ஒப்புகைப் படியைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.