ஹெமியா, ஹரிகேனா? முதலில் அந்த 8,000 டாலர்

கேள்வி: டெக்சாஸ், ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். இருவருக்கும் ஐ.டி. வேலை, சேர்ந்து ஆண்டுக்கு 2,40,000 டாலர். என்னிடம் இருப்பது ஹெமி வி8 இன்ஜின் போட்ட 2022 ராம் 1500 பிக்கப். மாதத் தவணை 850, கடன் பாக்கி 38,000. டீலர் வண்டிக்கு 30,000 தருகிறார். மீதி 8,000-ஐப் புதுக் கடனிலேயே சேர்த்துவிடலாம் என்கிறார். முன்பு மஸ்டாங் காரைக் கொடுத்தபோதும் 5,000 டாலரை இப்படித்தான் சேர்த்தேன். ஹரிகேன் இன்ஜின் போட்ட ராம் ஆர்எச்ஓ பிக்கப்பை 78,000 டாலருக்கு எடுப்பதா, 2026 மாடலில் திரும்பி வந்திருக்கும் ஹெமியா? தூக்கமே வரவில்லை.

பதில்: இன்ஜின் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். திரும்பி வந்திருப்பது அதே 5.7 லிட்டர், 395 குதிரைத்திறன். அது ஏற்கெனவே உங்கள் வாசலில்தானே நிற்கிறது? ஆக, பேச்சு ஆர்எச்ஓவின் 3 லிட்டர் இரட்டை டர்போ ஹரிகேன் பற்றியது.

உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இன்ஜின் இல்லை, பழைய பாக்கியைப் புது வண்டியின் தலையில் கட்டும் பழக்கம். மஸ்டாங் எங்கோ யாரிடமோ ஓடுகிறது. அதன் கடனில் ஒரு பகுதியை நீங்கள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இப்போது அதன் மேல் ராமின் பாக்கியும் ஏறப்போகிறது.

தோராயமாகக் கணக்குப் போடுவோம். வண்டி 78,000, பழைய பாக்கி 8,000. பழைய வண்டியின் விலை போக மீதி 48,000-க்கு டெக்சாஸ் வரி 6.25 சதவீதம், அதாவது 3,000. மொத்தம் 89,000. டீலர் நீட்டும் 84 மாதத்துக்கு, 8 சதவீத வட்டி என்று வைத்தால், தவணை சுமார் 1,390. வட்டி மட்டுமே 27,000-க்கு மேல். இன்றைய தவணையைவிட மாதம் 540 டாலர் கூடுதல். ஆர்எச்ஓவின் திறனும் 540. குதிரைக்கு மாதம் ஒரு டாலர் தீவனம், டாலஸின் 635 நெடுஞ்சாலையில் நெரிசலில் ஊர்ந்து போவதற்கு!

“கேப் இன்சூரன்ஸ் இருக்கிறதே” என்று டீலர் சொல்வார். கடன் பாக்கிக்கும் வண்டியின் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கட்டும் காப்பீடு அது; வண்டி மொத்தமாக நொறுங்கினாலோ திருடு போனாலோதான் உதவும். உங்களுக்கு அலுத்துப்போய் மாற்றும்போது பைசா தராது. அமெரிக்காவில் பாகங்கள் பொருத்தி முடித்த வண்டியின் கடன் வட்டிக்கு 2025இல் வந்த வரிச்சலுகையையும் காட்டி ஆசை காட்டுவார்கள். தம்பதிக்கு வருமானம் 2,00,000 தாண்டினால், வருமானத்தில் கழித்துக்கொள்ளக்கூடிய வட்டி ஒவ்வொரு ஆயிரத்துக்கும் 200 டாலர் குறையும். அந்த வரம்பை 40,000 தாண்டிய உங்களுக்கு 8,000 குறையும். முதல் வருட வட்டியே 7,000-க்குள்தான் வரும் என்பதால், கைக்கு ஒன்றும் வராது.

கட்ட முடியும் என்று நீங்களே நம்பும் அந்த 1,390-ஐ இந்த மாதமே இருக்கிற ராமுக்குக் கட்டுங்கள். கூடுதல் 540 அசலுக்குப் போக வேண்டும் என்று கடன் கொடுத்தவரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அடுத்த தவணைக்கு முன்பணமாக எழுதிக்கொள்ளும் இடங்கள் உண்டு. 18 மாதத்தில் பாக்கி 16,500 அளவுக்கு இறங்கிவிடும். வண்டியின் மதிப்பு அப்போது 23,000-க்குச் சரிந்திருந்தாலும் 6,500 உங்கள் பக்கம். இந்த 18 மாதமும் சனிக்கிழமைகளில் டீலர் பக்கம் ‘சும்மா பார்க்க’ப் போக வேண்டாம்.

அதற்குப் பிறகும் ஆர்எச்ஓதான் வேண்டும் என்றால் அந்த 6,500-ஐ முன்பணமாகப் போட்டு, 60 மாதத்துக்கு மேல் போகாமல் எடுங்கள். எனக்கென்னவோ அந்த வி8 சத்தம்தான் பிடிக்கும். ஆனால் அதற்கு நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லையே.