சின்ன ஃபேனுக்கு எந்த அடாப்டர்?

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய ஃபேனை வைஃபை ரவுட்டர் பக்கத்தில் வைக்க ஆசை. ஃபேனில் 12 வோல்ட், 0.18 ஆம்பியர் என்று போட்டிருக்கிறது. கைவசம் உள்ள அடாப்டரோ 12 வோல்ட், 2 ஆம்பியர். ஃபேன் கருகிவிடாதா?

பதில்: கருகாது. அடாப்டரில் எழுதியிருப்பது அது அதிகபட்சம் தரக்கூடிய அளவு. ஃபேன் தனக்கு வேண்டியதை மட்டும்தான் இழுக்கும். ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையத்தான் கூடாது.

நான் பயப்படுவது வோல்டேஜுக்குத்தான். முதலில் அவுட்புட் டி.சி.தானா (ஒரே திசையில் பாயும் மின்சாரம்) என்று பாருங்கள், ஏ.சி. (திசை மாறி மாறிப் பாய்வது) தரும் அடாப்டர்களும் உண்டு. கையில் எடுத்தால் கனக்கும் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை என்றால் மல்டிமீட்டர் வைத்து வோல்டேஜை அளக்காமல் இணைக்காதீர்கள். 12 என்று அச்சடித்த அடாப்டரே லோடு இல்லாதபோது, அதாவது எதையும் இணைக்காதபோது, 16 வோல்ட் வரை காட்டும். இவ்வளவு சின்ன ஃபேனை மாட்டினாலும் அது பெரிதாக இறங்காது. அப்படிப்பட்டதை நான் ஒதுக்கிவிடுவேன்.

அடுத்தது வயர். இரண்டே வயர் என்றால் சிவப்பு பிளஸ், கறுப்பு மைனஸ். மூன்று வயர் ஃபேனில் கூடுதலாக வரும் மஞ்சள், வேகத்தைச் சொல்லும் சிக்னல். ஆனால் பல நான்கு வயர் ஃபேன்களில் அதே மஞ்சள்தான் பிளஸ்! எல்லா வயரும் கறுப்பாகவே வருவதும் உண்டு. அதனால் நிறத்தைவிட கனெக்டரின் வரிசையை நம்புங்கள்: ஓரத்தில் மைனஸ், அதை ஒட்டி பிளஸ். மூன்று பின் என்றால் நடுப் பின்தான் பிளஸ், குழப்பமே இல்லை. நான்கில் மைனஸ் எந்த ஓரம் என்று தெரியாவிட்டால் அந்த மாடலின் விவரத்தாளைப் பார்த்துவிடுங்கள். மிச்ச வயர்களின் நுனியில் டேப் சுற்றி விட்டுவிடலாம், ஃபேன் முழு வேகத்தில் ஓடும்.

அடாப்டர் முனையில் பிளஸ் எது என்பதையும் மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றிக் கொடுத்தால் பெரும்பாலும் ஃபேன் சுற்றாமல் நிற்கும், அவ்வளவுதான்; சில ஃபேன்கள் அதிலேயே போய்விடும். இணைக்கும்போது அடாப்டர் பிளக்கில் இருக்கக் கூடாது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஸ்லீவ் (வயரை மூடும் இன்சுலேஷன் குழாய்) போடுங்கள். அடாப்டரை மட்டும் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருப்பது வீட்டு மின்சாரம்.

சத்தம் தொந்தரவாக இருந்தால் 9 வோல்ட் அடாப்டர் போட்டுப் பாருங்கள், எனக்குப் பிடித்த வேகம் அதுதான். போன் சார்ஜரின் 5 வோல்ட்டில் பல ஃபேன்கள் கிளம்பவே கிளம்பாது. மோட்டாரைத் தாங்கும் கைகள் தெரிகிற பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். அந்தப் பக்கம் ரவுட்டரைப் பார்த்து இருக்கட்டும்.